நூற்றுக்கு அறுபது

மானூருக்கு வடக்கே, ரேஷன் கடைக்குப் பின்னால்,
முள்கம்பி வேலிக்குள் என் மழைமானி.
காலை எட்டரைக்கு அளவுக்குழாயை
கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன்.
பெரும்பாலும் ஒரு செத்த எறும்பு.
ஒருதரம், பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஊற்றிவைத்த
பதினாலு மில்லிமீட்டர் குழாய்த் தண்ணீர்.
அதை நான் எழுதவில்லை.

செவ்வாயும் வெள்ளியும்
ஐந்து நாள் முன்னறிவிப்பு போனுக்கு வரும்.
அதை ஊர்ப்பேச்சாக்கிக் குரலில் அனுப்புவது என் வேலை.
நூற்றுப் பதினேழு நீலக் குறிகள்.
ஆற்றுப் பாசனக்காரர்கள் அணை மட்டம் பார்த்தால் போதும்,
பிசானத்துக்கு நாற்றுப் பாவிவிடலாம்.
எங்களுக்கு வானம்தான் மடை.
திறக்கிற ஆள் யாரென்று தெரியாது.

புரட்டாசி கடைசி வெள்ளி
அறுபது விழுக்காடு வாய்ப்பு என்று வந்தது.
நான் சொன்னேன்:
"மழை வருது. விதைக்கலாம்."
மிச்சம் நாற்பதை
எச்சில்போல விழுங்கிவிட்டேன்.

மேகம் வந்தது, பொய்யில்லை.
தலைக்கு மேலே போய்ப் பொதிகையில் சாய்ந்து
பாபநாசம் அணையில் நாலடி ஏற்றியது.
எங்கள் கரிசலுக்கு மூன்று மில்லி.
உளுந்தை ஏமாற்ற அது போதும்,
வளர்க்கப் போதாது.
முளைவிட்டு, தலை நீட்டி, கருகியது
முப்பிடாதியின் நாலு ஏக்கர்.

அவள் திட்டவில்லை.
திட்டியிருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.
நிலத்துக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து
என் மேசைமேல் வைத்தாள்.
"இதுல எத்தனை சதவீதம்னு பாத்துச் சொல்லு, தாயி."
போய்விட்டாள்.
கட்டி மூன்று நாள் அங்கேயே கிடந்தது.
உதிரக்கூட இல்லை.

அடுத்த செவ்வாய், நாற்பத்தைந்து.
மூன்று தடவை பேசி அழித்தேன்.
நாலாவதில் கோழி கத்தியது, அப்படியே அனுப்பினேன்:
"இதே மாதிரி வானம் இருபது தடவை வந்தா
ஒம்போது தடவை நனையும், பதினோரு தடவை காயும்.
இது எந்தத் தடவைன்னு
அனுப்புனவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
போன வாரம் நான் பாதியத்தான் சொன்னேன்.
தப்பு என்னோடது."

"அப்போ ஒனக்கு எதுக்குச் சம்பளம்?" என்றார் உய்க்காட்டான்.
"சீட்டாட்டமா வே இது?" ஜெபக்கனி.
யாரோ ஒரு சிரிக்கிற முகம்.
முப்பிடாதியின் குறி நீலமாகவில்லை.

இருட்டினபிறகு நேரில் வந்தாள்.
மழை வருமா என்று கேட்கவில்லை.
"வராமப் போனா?" என்றாள்.
இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.
சிலேட்டில் போட்டுப் பார்த்தோம்.
மிச்ச விதை பத்துக் கிலோ.
தாழ்ந்த மூலையில், தோண்டினால் முழங்கை ஆழத்தில்
ஈரம் விரலில் ஒட்டுகிற இடத்தில் ஒரு ஏக்கர் உளுந்து.
மற்றது காத்திருக்கட்டும்.
ஐப்பசி பாதியும் ஏமாற்றினால் சோளம்,
மணி பிடிக்காவிட்டாலும் ஆடு தின்னும்.
காப்பீட்டுக்கு அடங்கல் வாங்க
ஏற்கெனவே இரண்டு நடை போயிருக்கிறாள்,
வி.ஏ.ஓ. லீவு.

எழுந்தவள் வாசலில் நின்றாள்.
"ஒன் மழை வேற, என் மழை வேற, தெரியுமா?"

வியாழன் விடியுமுன் கூரைத் தகரத்தில் சத்தம்.
என் குழாயில் இரண்டு மில்லி.
போன் அடித்தது.
தன் வரப்பில் பெயிண்ட் டப்பா ஒன்றை
கல் அணைத்து நிறுத்தியிருக்கிறாள், எனக்குத் தெரியாமல்.
"அரை விரக்கடை," என்றாள், மூச்சு வாங்க.
"கொஞ்சம் கூடவே இருக்கும். எழுதிக்கோ."
இரண்டு கிலோமீட்டர்தான் தூரம்.

படிவத்தில் விரற்கடைக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், பேனா மை அப்பிய இடத்தில்,
அவள் பெயரோடு எழுதினேன்.